காய்ச்சித் தெளிந்த தண்ணீர்

வல்லக்கோட்டை
6 ஜூலை 2025

சுகப்பிரியா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். மாமாவிடம் காட்டாதே, அத்தையிடம் காட்டாதே, உன் அக்காவிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. நான் எழுதியது எங்க அப்பாவுக்குத் தெரிந்தால் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார். 

குவாரிக்கு நிலம் கொடுப்பது பற்றி நடந்த ஊர்க்கூட்டத்தில் எங்க அப்பாவும் உங்க அப்பாவும் சட்டையைப் பிடித்துக்கொண்டதிலிருந்து நீயும் நானும் பேசவில்லை. மூன்று வருஷம். நாங்கள் ஒரகடம் பக்கம் வந்துவிட்டோம். எங்க அம்மா உங்க அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. அவள் இங்கே செத்தபோதுகூட உங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அதைக் கேட்க எழுதவில்லை. உங்க அக்கா குழந்தைக்காக எழுதுகிறேன்.

போன மாதம் அம்மன் கொடைக்கு அண்ணன் மாரிராஜ் மட்டும் ஊருக்கு வந்தான் அல்லவா? திரும்பும்போது நம் வெள்ளூத்து ஊத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்தான். அப்பாவுக்காக. இங்கே கேன் தண்ணீர் அப்பாவுக்கு இறங்காது. "இதுக்கு ஒரு ருசி உண்டா? சவத்துத் தண்ணி" என்று தினமும் சொல்வார். அண்ணன் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தண்ணீர் பிரிவில் இருக்கிறான். போர்வெல்லிலிருந்து வருவது, இயந்திரத்துக்குப் போவது, கழிவாக வெளியேறுவது எல்லாவற்றையும் சோதிப்பதுதான் வேலை. பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சும்மா கொண்டுபோய்ச் சோதித்திருக்கிறான்.

எட்டாம் வகுப்பில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால், அறிவியல் கண்காட்சிக்காக நாம் வெள்ளூத்துத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோமே. சுண்ணாம்பு நானூற்றுச் சொச்சம் என்று வந்ததற்கு நீ ஏதோ மார்க் வாங்கினது மாதிரி கைதட்டினாய். அதில் நைட்ரேட் என்று ஒன்று இருந்தது. எட்டு. இப்போது அண்ணன் பார்த்தது நூற்றுப் பன்னிரண்டு. நாற்பத்தைந்தைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாதாம். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. பச்சைக் குழந்தைக்கு ரத்தம் காற்றைச் சுமக்காது, உதடு நீலம் பாரிக்கும் என்றான்.

உன் அக்கா இசக்கிசெல்வி மதினிக்குப் பால் போதவில்லை, பவுடர் பால் கொடுக்கிறார்கள் என்று நம் தெரு இசக்கிபாண்டி சொன்னான். அவனும் இங்கேதான் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறான். அந்தப் பவுடரை எந்தத் தண்ணீரில் கலக்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் வேறு தண்ணீர் ஏது?

அண்ணன் எழுதி வந்த சீட்டை அப்பா வாங்கிக் கிழித்தார். "வெள்ளூத்துப் பேச்சு இந்த வீட்டுல இனி வரக் கூடாது. வந்துச்சு, ரெண்டு பேரு காலையும் ஒடிச்சுப்போடுவேன்" என்றார். ஏன் என்று உனக்கே தெரியும். கூட்டத்தில் எழுந்து நின்று "ஊத்துக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு" என்று சொன்னவர் அவர்தான்.

அந்தத் தண்ணீர் குழந்தைக்கு நல்லதில்லை. அதை மட்டும் எப்படியாவது பார்த்துக்கொள். உன் பதிலை எங்கள் வாடகை வீட்டுக்காரர் மகள் கலைமதி பெயருக்குப் போடு. என் வகுப்புதான், வாயைத் திறக்கமாட்டாள். உனக்கு நான் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுகிறேன். போன் அப்பா கையில்தான் இருக்கும். அவர் இரவு வாட்ச்மேன் டூட்டிக்குப் போன பிறகுதான் எனக்கு எழுத முடிகிறது.

மாரிசெல்வி

*

வெள்ளூத்து
14 ஜூலை 2025

மாரிசெல்விக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கிற அளவுக்கு அதை மதிக்க வேண்டாம் என்று கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து எங்கள் வீட்டுக் குழந்தைமேல் பாசம் வந்திருக்கிறது. சந்தோஷம். நிலத்தைக் குவாரிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு லாரியில் கட்டிலை ஏற்றிக்கொண்டு போனீர்களே, அன்றைக்கு இந்தப் பாசம் எங்கே போயிருந்தது? தினமும் மதியம் வெடி வைக்கிறான். தட்டில் சோறு நடுங்குகிறது. அதைத்தான் தின்கிறோம்.

அத்தை சாவுக்கு வரவில்லை என்கிறாய். அப்பா கோடித்துணி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனார். அங்கே உங்க அப்பா போட்ட போன் வந்தது. "சுடலைக்கண்ணு, நீ இங்க வந்தா நான் பொணத்தை எடுக்க மாட்டேன்" என்று. அப்பா திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். இது உனக்குத் தெரியுமா? தெரியாது. உனக்குத் தெரிந்ததெல்லாம் நைட்ரேட்.

தண்ணீர் கெட்டுவிட்டதாம். கேட்டுக்கொள். முன்பெல்லாம் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வரலாம். அவ்வளவு நேரம் வேகாது. இப்போது வேகிறது. சோப்பு நுரைக்கிறது. பானையில் வெள்ளைப் பொருக்கு முன்னைப்போல் பாதிகூடப் படிவதில்லை. ஊத்து இனிப்பாகிவிட்டது என்று ஊரே சொல்கிறது. குவாரிக்காரன் அதற்கும் போர்டு வைத்துவிட்டான், 'வெள்ளூத்து நீரின் தரம் உயர்ந்தது' என்று. எங்க அப்பா அதைப் பார்த்துக் காறித் துப்பினார். "அது எந்தக் காலத்துலலே தரங்கெட்டுக் கெடந்துச்சு? மருந்துத் தண்ணிலே அது" என்றார். கூட்டத்திலும் இதைத்தானே சொன்னார். உங்க அப்பா சிரித்தார்.

இன்னொன்று. இதைக் கண்டுபிடித்தது மாரிராஜ் மச்சான் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டியவர். சண்டையில் அது முறிந்தது. அக்கா வேறு வீட்டுக்குப் போய், பிரசவத்துக்கு இங்கே வந்து பிள்ளையும் பெற்றுவிட்டாள். இப்போது அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று இவர் சோதனைக் குழாயில் பார்த்துச் சொல்கிறாராக்கும். அம்மாவிடம் சொன்னால் "வயித்தெரிச்சல்ட்டி, வேற என்ன" என்பாள். நான் அப்படிச் சொல்லவில்லை. நினைத்தேன்.

பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான். அழும்போது உதடு கொஞ்சம் கருக்கும். அவன் அப்பா நிறம் அப்படி என்று அம்மா சொல்கிறாள்.

சுகப்பிரியா

*

வல்லக்கோட்டை
22 ஜூலை 2025

சுகா,

மாமா பஸ் ஸ்டாண்டு வரை வந்தது எனக்குத் தெரியாது. அப்பா போன் போட்டதும் தெரியாது. அம்மாவை எடுக்கிறவரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வரவேண்டும் என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

மற்றபடி நீ திட்டியதை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அழும்போது உதடு கருப்பது நிறம் இல்லை சுகா.

அண்ணன் ஷிப்ட் முடித்து வந்து சட்டையைக் கழற்றும்போது கேட்டேன், பொருக்குக் குறைந்திருக்கிறதே, அப்படியானால் தண்ணீர் நல்லதாகத்தானே ஆகியிருக்கிறது என்று. சிரித்தான். அவன் சிரிப்பு இப்போதெல்லாம் நன்றாக இல்லை.

"முந்தி அந்தத் தண்ணி டவுன் பஸ் மாதிரிட்டி" என்றான். "மழை மண்ணுல எறங்கும்போதே கொஞ்சம் புளிச்சுப்போகும். அந்தப் புளிப்பு சுண்ணாம்புப் பாறையை அரிக்கும். ஒவ்வொரு இடுக்குலயும் நின்னு நின்னு, சுண்ணாம்பை ஏத்திக்கிட்டு, மாசக்கணக்கா ஊர்ந்து வரும். இப்ப வெடி வச்சுப் பாறையப் பொளந்துட்டான். இப்ப அது கம்பெனி பஸ். எங்கயும் நிக்காது. குவாரிக் குழியில ஏறுனா நேரா ஊத்துல எறங்கும். சுண்ணாம்பை ஏத்த நேரம் இல்ல. ஆனா குழியில கெடக்குற வெடி உப்பை ஏத்திக்கிட்டு வருது."

வெடிமருந்தும் உரமாகப் போடும் ஓர் உப்பிலிருந்துதான் செய்கிறார்களாம். வெடிக்காமல் சிந்தியது மழையில் கரைகிறது. அதுதான் நைட்ரேட். புரிகிறதா? பருப்பு சீக்கிரம் வேகிறது என்று நீ எழுதினாயே, அதுவே கெட்ட சேதிதான். பொருக்குக் குறையக் குறைய, தண்ணீர் பாறைக்குள் தங்காமல் ஓடிவருகிறது என்று அர்த்தம்.

கலைமதி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாடி, உங்க ஊர்ல தண்ணிக்குக்கூட ஜாதகம் எழுதி வெச்சிக்கீறீங்க?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "எங்க கெணறு எப்போ கெட்டுச்சுன்னே எங்களுக்குத் தெரியாது. ஒரு நாளு கேன் வந்துச்சு. அப்பால கேனுதான். நல்லா இருந்தப்போ எப்டி இருந்துச்சுன்னு யாரும் பாத்து வெக்கல." அவள் அம்மா செங்கமலம் அதட்டினாள், "இன்னா ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிகினே கீறீங்க, போய்ப் படுங்க." அதோடு எழுந்துவிட்டோம்.

நாம் பார்த்து வைத்திருக்கிறோம் சுகா. எட்டு. அதை நீ மறந்துவிடாதே. குழந்தைக்கு மட்டுமாவது சங்கரன்கோவிலிலிருந்து ஒரு கேன் வரவழை.

மாரிசெல்வி

*

வெள்ளூத்து
1 ஆகஸ்ட் 2025

மாரிசெல்வி,

அக்கா என் கணக்குப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். உன் முதல் கடிதம் அவள் கையில் கிடைத்துவிட்டது. நான் காட்டவில்லை. நம்பினால் நம்பு.

நான் சொன்னால் நம்பாதவள், உன் கடிதத்தில் மச்சான் பெயரைப் பார்த்ததும் நம்பிவிட்டாள். "அவுக பொய் சொல்ல மாட்டாவ" என்று ஒரே வார்த்தை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் தண்ணீர் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டும் நீ. முன்பு ஒரு கொதி வந்ததும் இறக்குவாள். இப்போது கஷாயம் மாதிரி பாதியாகச் சுண்டவிடுகிறாள். ஆறவைத்து, வெள்ளை முழுதும் அடியில் இறங்குகிறவரை காத்திருந்து, மேலாகத் தெளிந்ததைத் துணியில் வடிகட்டி, அதில்தான் பவுடர் கலக்குகிறாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஊர் நர்ஸம்மாவிடமும் கேட்டாள். "ஊத்துத் தண்ணிதான? நல்லாக் காய்ச்சிக் குடு" என்றாராம். அவர் எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

பிள்ளைக்குக் குறையவில்லை. கூடிவிட்டது. இப்போது அழாமலே கருக்கிறது. நகக்கண்ணெல்லாம் நாவல்பழம் தின்ற மாதிரி. தூங்குகிறான், தூங்குகிறான், எழுப்பினால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி தூங்குகிறான். டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதயத்தில் கோளாறு இருக்கும், பெரிய ஊரில் காட்டுங்கள் என்றார்கள். மூக்கில் காற்று வைத்தார்கள். என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நன்றாகக் காய்ச்சியது என்று அம்மா பெருமையாகச் சொன்னாள்.

கேன் தண்ணீர் பற்றி அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டார். "அந்தக் கேன் எம் படி ஏறுனா குவாரிக்காரன் ஜெயிச்சான்னு அர்த்தம். அவன் தோண்டுத குழியில நான் விழணுமாட்டி? ஊத்துல ஒண்ணும் கெடல. கெட்டது பிச்சையா புத்தி" என்று உங்க அப்பாவைத் திட்டினார். மச்சான் அக்காவின் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார் போல. அப்பாதான் எடுத்தார். அதோடு அந்தப் போனும் அவர் மடிக்குப் போய்விட்டது.

வேடிக்கையைப் பார். ஊத்து கெடவில்லை என்று உங்க அப்பாவும் சொல்கிறார், எங்க அப்பாவும் சொல்கிறார். மூன்று வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

நீ கெட்டிக்காரி. உன் அண்ணன் கெட்டிக்காரர். சொல்லுங்கள், இவ்வளவு காய்ச்சியும் ஏன் போகவில்லை?

சுகப்பிரியா

*

வல்லக்கோட்டை
5 ஆகஸ்ட் 2025
இசக்கிபாண்டி கையில்

சுகா,

காய்ச்சாதே. மதினியிடம் சொல். காய்ச்சவே கூடாது.

காய்ச்சினால் சுண்ணாம்பு மட்டும்தான் அடியில் இறங்கும். நைட்ரேட் இறங்காது, ஆவியாகவும் போகாது. குழம்பைச் சுண்டவைத்தால் உப்புக் குறையுமா, கூடுமா? பாதியாகச் சுண்டினால் பிள்ளை குடித்தது இரண்டு பங்கு.

உன் கடிதத்தைப் படித்ததும் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நல்லதில்ல"ன்னு மட்டுமா எழுதுன என்று கேட்டான். அப்படித்தான் எழுதினேன். நல்லதில்லாத தண்ணீரை நம் ஊரில் என்ன செய்வார்கள்? காய்ச்சுவார்கள். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. இங்கே யாரும் காய்ச்சுவதில்லை, கேனைக் கவிழ்ப்பார்கள். நானும் இங்கத்து ஆளாகிவிட்டேன் போல.

கலைமதி போனிலிருந்து மாமாவுக்குக் கூப்பிட்டேன். "ஆரு?" என்றார். மாமா, நான் செல்வி என்றேன். "எனக்குத் தங்கச்சியும் இல்ல, தங்கச்சி மவளும் இல்ல" என்று வைத்துவிட்டார். பிறகு கலைமதியே பேசினாள். "சார், ஹெல்த் ஆபீஸ்லேர்ந்து பேசறோம், உங்க வூட்டுக் கொயந்தைக்கு ஊத்துத் தண்ணி குடுக்காதீங்க" என்று. மாமா ஒரு நிமிஷம் கேட்டாராம். "எந்த ஊரு ஆபீஸரும்மா நீ? மெட்ராஸ்காரிக்கு வெள்ளூத்துல என்ன சோலி? பிச்சையா எம்புட்டுக் குடுத்தான்?" அதற்குமேல் அந்த நம்பரிலிருந்து கூப்பிட்டால் போகவில்லை.

தபாலில் போட்டால் நாளாகும். இசக்கிபாண்டி அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டிருக்கிறான், இரவு பஸ்ஸில் வருகிறான். இதைப் பள்ளிக்கூட வாசலில் உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருக்கிறார்களே, அந்தக் குழாய்த் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துப் பைக்குள் வைத்துக் கொண்டுபோ. அந்த இயந்திரம் இதை எடுத்துவிடும் என்று அண்ணன் சொல்கிறான். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம், மதினிக்கு மட்டும்.

ஏதோ சத்தம். நிறுத்துகிறேன்.

மாரிசெல்வி

*

வெள்ளூத்து
17 ஆகஸ்ட் 2025
இசக்கிபாண்டி கையில்

மாரிசெல்வி,

நீ சொன்னபடி செய்தேன். தினமும் இரண்டு பாட்டில். புத்தகத்துக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். அக்கா அடுப்படியில் பின்பக்கமாகத் திரும்பி நின்று கலக்கினாள். நீ பார்த்திருக்க வேண்டும். அந்த வாரக் கடைசியில் பிள்ளை விழித்துக்கொண்டு காலை உதைத்தான். உதடு சிவந்தது. அக்கா அவனை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். "ஏட்டி, இவன் செவப்புட்டி" என்றாள். அவன் நிறமே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் உனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

சுதந்திர தினத்தோடு சேர்த்துப் பள்ளிக்கூடம் மூன்று நாள் லீவு. அதனால் பெரிய பாட்டில்களாகப் பிடித்து வந்து நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். அப்பா பார்த்துவிட்டார். அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள். பிள்ளை தேறியதையும் சொன்னாள். "டவுன்ல வச்ச காத்துல தேறுனான், தண்ணியிலயா தேறுனான்?" என்று எல்லாப் பாட்டிலையும் முற்றத்தில் கவிழ்த்தார். மண் உறிஞ்சும்வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். இனி என் பையைத் தடவிப் பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுவாராம். அக்காவின் புருஷன், அத்தான், திருப்பூரிலிருந்து தீபாவளிக்குத்தான் வருவார்.

இரண்டு நாளாக மறுபடி ஊத்துத் தண்ணீர். காய்ச்சாமல் கொடுக்கிறாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது. நகம் மறுபடி கருக்க ஆரம்பித்துவிட்டது.

நான் அப்பா காலைப் பிடித்தேன். காலை உருவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "பிச்சையா அவன் வாயால சொல்லட்டும். ஊத்து கெட்டுப்போச்சு, என்னாலதான் கெட்டுச்சுன்னு சொல்லட்டும். அந்த நிமிசம் கேன் வாங்குதேன். அதுவரைக்கும் எவன் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

உன்னிடம் கெஞ்சுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கெஞ்சுகிறேன். உங்க அப்பாவைச் சொல்ல வை. போனில் ஒரு வார்த்தை போதும்.

ஊத்துத் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்துவிடுகிறேன். இன்று காலை பிடித்தது. மச்சானை மறுபடி பார்க்கச் சொல்.

சுகா

*

வல்லக்கோட்டை
19 ஆகஸ்ட் 2025

சுகா,

இந்தக் கடிதத்தை எல்லாரிடமும் காட்டு. மாமாவிடம் முதலில் காட்டு. பிறகு அத்தையிடம், நர்ஸம்மாவிடம், டவுன் ஆஸ்பத்திரியில், குவாரிக்காரன் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு எல்லாரிடமும்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் எல்லப்பன் விளையாட்டாகத்தான் சொன்னார். "இன்னா பிச்சையா, உம் பொண்ணு நம்ம வூட்டு அட்ரஸ்ல லெட்டர் போக்குவரத்து நடத்துது. போஸ்டாபீஸே தொறந்துடலாம் போல கீதே" என்று வாசலில் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். உள்ளே வந்து கையை நீட்டினார். நான் அரிசி டப்பாவிலிருந்து உன் கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

நின்றுகொண்டே படித்தார். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், உனக்குத் தெரியும். கடைசிக் கடிதம் முடிகிறவரை அடுப்பில் சோறு குழைந்துபோனது, நான் இறக்கவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "கோடித்துணி வாங்கிட்டா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான்?"

ஆமாம் என்றேன். அப்பா, நீங்கள் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றேன். என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கடிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். அடித்திருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

நீ அனுப்பிய பாட்டிலை அண்ணன் இன்று சோதித்தான். நூற்று முப்பத்தெட்டு. கூடிக்கொண்டே போகிறது. இந்த முறை ஒளித்துச் செய்யவில்லை, சூப்பர்வைசர் பார்க்கவே செய்தானாம். "கம்பெனி கெமிக்கல்ல உங்க ஊரு தண்ணியா?" என்று கேட்டாராம். நாளைக்கு வேலை இருக்குமோ என்னவோ. இப்போது ஓவர்டைமில் நிற்கிறான். பழைய அளவு, புதிய அளவு இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். இதோடு வைக்கிறேன். இசக்கிபாண்டிக்கு இனி லீவு இல்லை. ஆனால் அவன் ஹாஸ்டல் பையன் ஒருவன் சிங்கப்பெருமாள் கோவிலில் விடிவதற்குள் ரயில் ஏறி, அங்கிருந்து ஊர்ப்பக்கம் வருகிறான். கலைமதி இதை அவனிடம் சேர்த்துவிடுவாள். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள். "சீக்கிரம் எழுதித் தொலைடி" என்கிறாள்.

இனி எழுதுவது மாமாவுக்கு.

மாமா, நான் உங்கள் தங்கச்சி மாடத்தியின் மகள். அப்பா வாயால் சொல்ல வேண்டும் என்றீர்களாம். அவர் சொல்கிறவரை உங்கள் பேரன் இருக்க வேண்டுமே. அதனால் பிச்சையா மகள் நான் சொல்கிறேன். ஊத்து கெட்டுவிட்டது. எங்கள் நிலத்தில் வைத்த வெடியில்தான் கெட்டது. நீங்கள் கூட்டத்தில் சொன்னது சரி, அது மருந்துத் தண்ணீராகத்தான் இருந்தது. அதற்கு எட்டு என்ற அளவு சாட்சியாக இருக்கிறது. இப்போது அந்தத் தண்ணீர் இல்லை, வேறு தண்ணீர் அதே வழியாக வருகிறது. பார்க்க அதைவிடத் தெளிவாக இருக்கிறது. கேன் வாங்கினால் குவாரிக்காரன் ஜெயித்தான் என்று ஆகாது மாமா. பிள்ளை போனால்தான் அவன் ஜெயிப்பான், அப்போதும் அவன் போர்டில் தரம் உயர்ந்தது என்றுதான் இருக்கும். அன்றைக்கு அப்பா நான் பொறுப்பு என்றார். அந்தப் பொறுப்பை இன்றைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். வந்து அடியுங்கள். நான் இங்கேதான்

கதவு தட்டுகிறார்கள்.

டூட்டி முடிய இன்னும் நேரம் இருக்கிறது. அண்ணன் தட்ட மாட்டான், செல்வி என்று கூப்பிடுவான். மறுபடி தட்டுகிறது. அப்பாதான். யாரிடமோ பேசிக்கொண்டே தட்டுகிறார், இல்லை தனக்குத்தானே பேசுகிறாரா. மாமா பெயர் காதில் விழுகிறது. சுடலைக்கண்ணு, சுடலைக்கண்ணு என்கிறார். திட்டுகிறாரா கூப்பிடுகிறாரா தெரியவில்லை. தாழ்ப்பாள் ஆடுகிறது. கலைமதி கம்பிக்குள் கையை விட்டுவிட்டாள். சுகா, அவர் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நீ பிள்ளைக்கு அந்தத் தண்ணீரை